செம்மறிக் கதவடியில் ஏறியவர்

மாலை ஐந்து மணி. நவம்பர் மாதத்து ஐந்து மணி. அதனால் நல்ல இருட்டு.

வடகடலை ஒட்டிப் போகும் ஒரு தெரு. வலது பக்கம் புல் வளர்ந்த கடலணை, வீட்டுக் கூரை உயரத்துக்கு. அதற்கு அப்பால் கடல்... கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் வரும். இடது பக்கம் வெறும் வயல். வீடில்லை, விளக்கில்லை. மழை என்றும் சொல்ல முடியாத, மூடுபனி என்றும் சொல்ல முடியாத ஒரு ஈரம். அந்தத் தெருவில் ஒரேயொரு கார்.

சுபானி, மிச்சத்தைச் சொல்ல முதல் எங்கள் காரின் அந்த யன்னலை முழுதாக ஏற்றிவிடு. குளிர் முதுகில் அடிக்கிறது. முன்னால் எதுவும் அசையப் போவதில்லை. கவிழ்ந்த லொறியைத் தூக்கி எடுக்கும் வரைக்கும் நாங்கள் இந்த ஓட்டோபான் நெடுஞ்சாலையில்தான். கலியாண வீட்டுச் சாப்பாடு கண்ணைச் சொக்க வைக்கிறது, ஆனால் நித்திரை வராது. போர்வையை நடுவில் விரியுங்கள். சொல்கிறேன்.

இது எனக்கு நடந்ததில்லை. கொலோனில் என்னோடு ஒன்றாக வேலை செய்கிற தேவமலரை உங்களுக்குத் தெரியும்தானே. அவளுடைய மச்சாளுக்கு நடந்தது. புருஷனின் அக்கா. பெயர் சிவகௌரி. ஹனோவரில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. நாற்பது வயது. இறந்தவர்களைக் கழுவி உடுத்திப் பழகிய கை. இலகுவில் பயப்படுகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு அந்தக் காரை ஓட்டியது அவள். பின் சீட்டில் இடுப்பு நாரிப் பிடிப்போடு படுத்துக் கிடந்தது தம்பி அனுஜன், தேவமலரின் புருஷன். கார் அவனுடையது. முன் சீட்டு முழுக்கச் சாப்பாட்டுப் பை, சேறு பிடித்த சப்பாத்துகள், ஈரக்குடை.

அவர்கள் அங்கே போனது அப்பப்பாவைத் தேடி.

அவர்களுடைய தகப்பன் கதிர்காமநாதன். ஊர் வல்வெட்டித்துறை. அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவருடைய தகப்பன் வைத்திலிங்கம் கொழும்பில் ஒரு சரக்குக் கப்பலில் ஏறிப் போனார். இருபத்தைந்து வயதுப் பெடியன். ஜேர்மன் கடலில் ஒரு மாரி காலம்... அதற்குப் பிறகு ஆள் இல்லை. புயலில் கப்பலில் இருந்து விழுந்துவிட்டார் என்று ஒருவர் ஊரில் வந்து சொன்னார். இல்லை, துறைமுகத்தில் இறங்கி ஒரு வெள்ளைக்காரியோடு இருந்துவிட்டார் என்று வேறொருவர் சொன்னார். மனைவி எதை நம்புவாள்? பொட்டும் தாலியுமாகவே இருந்து, பொட்டும் தாலியுமாகவே செத்துப்போனாள்.

மகனுக்கு வேறு சிக்கல். தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பார்கள். கதிர்காமநாதனுக்குத் தகப்பன் இருக்கிறாரா, இல்லையா? அதனால் அவர் பாதி விரதம் பிடித்தார். காலையில் சாப்பிடமாட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிடுவார். வாழ்நாள் முழுக்க அப்படித்தான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, தகப்பன் தொலைந்த அதே நாட்டுக்குத்தான் அகதியாக வந்து இறங்கினார். உணவகக் குசினியில் கோப்பை கழுவினார். தொழிற்சாலையில் நின்றார். பிள்ளைகளைப் படிப்பித்தார். தேட நேரம் கிடைக்கவில்லை. இப்போது இரண்டு சிறுநீரகமும் போய், ஒன்றுவிட்ட ஒரு நாள் இயந்திரத்தோடு படுத்துக் கிடக்கிறார். ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வரும்போது காருக்குள் வைத்துச் சிவகௌரியிடம் சொன்னாராம்.

“செத்தவரோ, இருக்கிறவரோ... அதைத் தெரிஞ்சுகொண்டு போனால் காணும் பிள்ளை.”

அவ்வளவுதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அனுஜன் தன் எச்சிலை ஒரு குழாயில் அடைத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பிப் பார்த்தான். சொந்தம் என்று வந்தவர்கள் எல்லாரும் கனடாவிலும் லண்டனிலும் ஏற்கெனவே தெரிந்த ஆட்கள். ஜேர்மனியில் ஒருவரும் இல்லை. வெள்ளைக்காரி கதை அதோடு போயிற்று. மிச்சம் கடல்.

அந்தக் கரை நெடுக, கடல் ஒதுக்கிய உடல்களைப் புதைத்த சின்னச் சின்னச் சவக்காலைகள் இருக்கின்றன. பெயர் தெரியாத கப்பற்காரர்கள். ஒரு மரச் சிலுவை, அதில் ஒரு திகதி. அவ்வளவுதான். எம்டனில் தொடங்கி, ஒவ்வொரு ஊராய், ஒவ்வொரு தேவாலயமாய், எல்ப் ஆற்றைப் படகில் கடந்து வடக்கே ஏறினார்கள். முதல் இடத்தில் சிவகௌரி இறங்கிக் கும்பிட்டாள். கற்பூரம் கொளுத்தினாள், காற்று அணைத்தது, திரும்பவும் கொளுத்தினாள். பிறகு வந்த இடங்களில் கும்பிட்டாள், கொளுத்தவில்லை. அதற்குப் பிறகு காரை விட்டு இறங்கவேயில்லை. இரவு வேலை முடித்து நேரே வந்தவள். விடுதிக் கட்டில்களிலும் நித்திரை வரவில்லை. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்தபடி இருப்பாள். அனுஜன் மட்டும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவான்.

கடைசி இடத்தில் அவன் திரும்பி வந்து, நனைந்த தொப்பியைப் பிழிந்தான்.

“ஒண்டும் இல்லை அக்கா. அந்த வருசத்துத் திகதியே இல்லை.”

“காணும். வீட்டை போவம்” என்றாள் அவள்.

அப்படித் திரும்பி வரும்போதுதான் அந்த மாலை ஐந்து மணி.

கடலணைகளில் செம்மறி ஆடுகளை மேய விடுவார்கள், தெரியும்தானே. அவை ஓடிப்போகாமல் இருக்கத் தெருவுக்குக் குறுக்கே இரும்புக் கதவு போட்டிருக்கும். ஒருவர் இறங்கித் திறக்க வேண்டும். கார் தாண்ட வேண்டும். திரும்பவும் பூட்ட வேண்டும். பலகையில் எழுதியும் இருக்கும். முதல் கதவில் அனுஜன் இறங்கினான், திறந்தான், பூட்டினான், பின்னால் ஏறிப் படுத்தான். அடுத்த கதவிலும் அப்படித்தான். நாரியைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

மூன்றாவது கதவு வந்தது.

அவன் இறங்கினான். முன் விளக்கு வெளிச்சத்தில் கதவைத் தள்ளித் திறந்தான். சிவகௌரி தாண்டிப் போய்க் கொஞ்சத் தூரத்தில் நிறுத்தினாள். கண்ணாடியில் பார்த்தாள்... பின்விளக்கின் சிவப்பில் மூடுபனி மட்டும். கதவு மூடும் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு. சங்கிலிச் சத்தம். பிறகு அணை மேலிருந்து யாரோ இருமினார்கள். அவள் திடுக்கிட்டு, உடனே விளங்கிச் சிரித்தாள். செம்மறி ஆடு. இருட்டில் ஆடு இருமினால் அசல் மனிதன் இருமுகிற மாதிரியே இருக்கும்.

பின் கதவு திறந்தது.

கார் ஒரு பக்கம் மெல்லச் சரிந்து நிமிர்ந்தது. ஆள் ஏறினால் சரியுமே, அப்படி. கதவு மூடியது. மெதுவாக... பக்குவமாக. அனுஜன் கார்க் கதவை அறைந்துதான் சாத்துவான். அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. களைப்பு. கியரைப் போட்டு எடுத்துவிட்டாள்.

கார் ஓடத் தொடங்கியதும் பின் சீட்டுப் பெல்ட்டுக்கான மணி அடித்தது. டிங்... டிங்... டிங்...

“பெல்ட்டைப் போடு” என்றாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மணம் வந்தது. நனைந்த கம்பளி. அதோடு இயந்திர எண்ணெய். அதற்கும் உள்ளே, உப்பு ஊறிய கயிற்றின் மணம். ஆடுகளுக்குள் போய் விழுந்து வந்திருக்கிறான் என்று நினைத்தாள். ஹீட்டரைக் கூட்டினாள். ஆனால் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்துகொண்டு வந்தது.

அப்போது பின்னாலிருந்து குரல்.

“வீட்டையோ?”

ஒரே சொல். அடைத்துப்போன தொண்டை. இவனுக்குத் தடிமன் பிடிக்கப் போகிறது என்று நினைத்தாள்.

“ஓம்... வீட்டைதான்.”

பின்னால் ஒரு மூச்சு வெளியே வந்தது. நீளமான மூச்சு. தலைச்சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மாதிரி.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஏதோ உறுத்தியது. அனுஜன் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவன் பேசுகிற தமிழில் ஜேர்மன்காரரின் டொச் இழுவை இருக்கும். இந்தச் சொல்லில் அது இல்லை. இது... தகப்பன் சொல்கிற மாதிரி இருந்தது.

போன் அடித்தது. திரையில் பெயர். அனுஜன்.

அவள் முதலில் சிரித்தாள். “பின்னுக்கு இருந்துகொண்டு என்னத்துக்கடா அடிக்கிறாய்?” என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். கார் முழுக்கக் காற்றின் இரைச்சல். அதற்குள் மூச்சு வாங்குகிற குரல்.

“அக்கா! நிப்பாட்டுங்கோ! என்னை விட்டிட்டு எங்கை போறியள்?”

அவள் பிரேக்கை மிதித்தாள்.

கார் நின்றது. துடைப்பான் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். டிங்... டிங்... டிங்... அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தேவமலரிடம் சொன்னாளாம், எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது, ஸ்டியரிங்கில் இருந்த என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று. பிறகு உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியில் பார்த்தாள்.

ஒருவரும் இல்லை.

ஆனால் சீட்டின் ஒரு பக்கம் பதிந்திருந்தது. ஈரம் கறுப்பாக ஊறியிருந்தது. விளிம்பில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தெரு ஒடுக்கம். வயலுக்குள் இறங்கும் ஒரு வாய்க்கால் பாலத்தில் வைத்துக் காரைத் திருப்பினாள். மணி அடித்தபடியே திரும்பிப் போனாள். அனுஜன் நடுத்தெருவில் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். கதவைப் பூட்டிவிட்டு, அணைப் பக்கம் ஒன்றுக்குப் போயிருக்கிறான். திரும்பிப் பார்த்தால் கார் போகிறது. அவன் கோபத்தில் கத்தினான்.

“ஆரை அக்கா ஏத்தினீங்கள்? பின்னுக்கு ஒரு ஆள் நிமிர்ந்து இருந்தவர். நான் கண்டனான். எங்கை அவர்?”

அவள் முன் சீட்டில் இருந்த பைகளையும் சப்பாத்துகளையும் அள்ளி டிக்கிக்குள் போட்டாள். “முன்னுக்கு ஏறு” என்றாள்.

அவன் ஏறினான். மணி அடிப்பதைக் கேட்டான். திரும்பிப் பார்த்தான். கையை நீட்டிப் பின் சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுட்டது போல இழுத்துக்கொண்டான். விரலை மோந்தான். பிறகு நாக்கில் வைத்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாதாம்.

“உப்பு” என்றான்.

“தெரியும்.”

“அக்கா, காரை இஞ்சை விட்டிட்டு நடப்பம். ஆரும் வருவினம். பொலிசுக்கு அடிப்பம்.”

“என்னெண்டு சொல்லுவாய்?”

அவன் எடுத்த போனைத் திரும்பவும் பைக்குள் வைத்தான். அழுகிற மாதிரி இருந்தான். சிவகௌரி சொன்னாள்...

“வீட்டையோ எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஏத்தின ஆளை இந்த இருட்டுக்குள்ள இறக்கி விட ஏலாது, தம்பி.”

அப்படிச் சொல்லிவிட்டு இறங்கிப் பின் கதவைத் திறந்தாள். குனிந்து, டயாலிசிஸ் முடிந்து வரும் தகப்பனுக்கு எப்படிச் செய்வாளோ அப்படியே, பெல்ட்டை இழுத்துக் குறுக்கே கொண்டுபோய்ப் பூட்டினாள்.

மணி நின்றது.

பெல்ட் சீட்டோடு படியவில்லை. ஒரு மெலிந்த ஆளின் நெஞ்சளவுக்கு இடைவெளி விட்டு, அந்தரத்தில் நின்றது. கொஞ்சம் ஏறியது. கொஞ்சம் இறங்கியது. அவள் மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

ஹம்பேர்க் வரை ரேடியோ போடவில்லை. பெற்றோல் போட நிறுத்திய இடத்தில் அனுஜன் கோப்பி வாங்கப் போனான். “அவருக்கும் ஒண்டு வாங்கு” என்றாள் அவள். அவன் எதிர்த்துக் கேட்கவில்லை. மூன்று கோப்பி வாங்கி வந்தான். ஒன்றைப் பின்னால் கோப்பை தாங்கியில் வைத்தான். கோப்பி குறையவில்லை. ஆனால் ஹீட்டர் கொதிக்கிற காருக்குள், எல்ப் சுரங்கப்பாதை தாண்டுவதற்குள், அந்தக் கோப்பையின் மேல் மெல்லிய கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருந்தது.

ஹனோவர். வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். சிவகௌரி பின் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, விலகி நின்றாள். கார் ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. அனுஜன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

இரண்டாம் மாடி. கதவைத் திறந்தது தாய் கமலநாயகி. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, “என்ன, பேயறைஞ்ச மாதிரி?” என்றாள். உள்ளே விறாந்தை முடிவில், கதிரையில் தகப்பன். அன்றைக்கு இயந்திரத்தில் கிடந்து வந்த நாள். அப்படியான நாட்களில் ஒருவர் பிடித்துத் தூக்கினால்தான் எழும்புவார்.

அவர் தானாக எழும்பினார்.

பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நடுவே, பின்னால் பார்த்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“ஆர் இந்தப் பெடியன்?” என்றார். “தெப்பமாய் நனைஞ்சு போய் நிக்கிறான்... ஒரு துவாய் குடுங்கோவன்.”

கமலநாயகி விளங்காமல் ஒரு துவாயை எடுத்து வந்தாள். யாரிடம் கொடுப்பது? கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கதிர்காமநாதன் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து துவாயை வாங்கினார். தன் முன்னால், வெறுங்காற்றில், ஒரு தலையின் உயரத்துக்கு அதைத் தூக்கித் துடைக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தால் நனைந்து வந்த பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி. துடைத்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் கையை நிறுத்தினார். உற்றுப் பார்த்தார். வாய் கோணியது. பிறகு துடைத்து முடித்தார்.

துவாயைச் சிவகௌரிதான் வாங்கினாள். பிழிந்தால் தண்ணீர் ஓடுகிற ஈரம்.

அன்றைக்கு அவள் அழவில்லை. அடுத்த இரவு வேலைக்குப் போனாள். மற்ற நாட்கள் மாதிரியே.

அந்த மாரி முழுக்கக் கதிர்காமநாதன் நல்ல சந்தோஷமாக இருந்தார். செத்தவரோ இருக்கிறவரோ என்று அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து கதைப்பார். வலு ரகசியமாக. சில வேளை சிரிப்பார். ஒருநாள் அனுஜன் துணிந்து கேட்டான், அப்பா, அது அவர்தானோ என்று.

“ஓமடா” என்றார். “ஆனால் உன்னிலும் இளசு. அப்பா எண்டு கூப்பிட வாய் வருகுதில்லை. தம்பி எண்டும் கூப்பிட ஏலாது. சும்மா கதைக்கிறன்.”

பங்குனியில் ஒருநாள் நித்திரையிலேயே போய்விட்டார். முகத்தில் ஒரு நோவும் இல்லை.

இவ்வளவும் தேவமலர் எனக்குச் சொன்ன கதை. இனிச் சொல்லப் போவது அவளே தன் காதால் கேட்டது.

செத்த வீடு முடிந்து எல்லாரும் போன பிறகு, மாமியாருக்குத் துணையாகத் தேவமலர் அங்கே தங்கினாள். இரண்டு பேரும் ஒரே அறையில். நடுச்சாமத்தில் தேவமலருக்கு விழிப்பு வந்தது. விறாந்தையில் யாரோ நடந்தார்கள். வெறுங்கால். ஈரக்கால்... தரையில் ஒட்டி ஒட்டி எடுபடுகிற சத்தம். குசினிக்குள் போயிற்று. பைப்பைத் திறந்தது. ஒரு கோப்பையில் தண்ணீர் நிறைகிற சத்தம். மூடியது. நின்றது.

தேவமலர் எட்டிப் பிடித்து மாமியாரை உலுப்பினாள்.

“மாமி... மாமி... குசினிக்குள்ள மாமா நிக்கிறார்.”

கமலநாயகி கண்ணைத் திறக்கவில்லை. போர்வையை இழுத்து மருமகளின் தோளை மூடிவிட்டாள். களைத்துப்போன குரலில் சொன்னாளாம்...

“உம்மடை மாமா இல்லைப் பிள்ளை. அவர் போயிட்டார். அது என்ரை மாமா. பயப்பிடாமல் படும்... அவருக்கு இன்னும் டொச் வராது. வெளியிலை போகக் கூச்சப்பட்டுக்கொண்டு நிக்கிறார்.”